தமிழ் மிகுபுனைவில் உரையாடல் நடை

தமிழ் மிகுபுனைவில் உரையாடல் நடை என்பது, தேவர், அரக்கர், பேய், பழங்கால அரசர், மீநாயகர் முதலிய இயல்பு மீறிய மாந்தர் வரும் கதைகளில் அவர்கள் எத்தகைய தமிழில் பேசவேண்டும் என்னும் கேள்வியையும், அதற்குக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் கண்ட விடைகளையும் குறிக்கும். அணிகள் நிறைந்த உயர்நடையா, நாள்தோறும் பேசும் எளிய நடையா என்பதே இதன் மையம். கன்னியாகுமரி மாவட்டம், குறிப்பாக அதன் கிழக்குப் பகுதியான நாஞ்சில் நாடு, இக்கேள்விக்கு ஒன்றுக்கொன்று முரணான விடைகளை அருகருகே வைத்திருக்கும் இடமாகும். தெய்வம் ஊர்ப்பேச்சில் பேசும் வில்லுப்பாட்டும், இராமன் உயர்நடையில் பேச உச்சிக்குடும்பன் கொச்சையில் குறுக்கிடும் தோற்பாவைக்கூத்தும் இங்கு வழங்குகின்றன. மகாபாரதத்தைத் தற்காலத்தில் முழுமையாக நாவல் வரிசையாக்கிய வெண்முரசும் இம்மாவட்டத்து எழுத்தாளர் ஒருவருடையதே.

சிக்கலின் தன்மை

ஆங்கில மிகுபுனைவில் இச்சிக்கல் பெரும்பாலும் பழமை பற்றியது. வழக்கொழிந்த முன்னிலைச் சொற்களையும் பழைய வினைமுடிவுகளையும் மீட்டெடுத்து அரசர்களையும் தேவர்களையும் பேசவைப்பது அங்குள்ள வழக்கம். 1954–55-இல் வெளிவந்த டோல்கீனின் மோதிரங்களின் தலைவன் நாவலில் ஹாபிட்கள் நாட்டுப்புற ஆங்கிலம் பேச, எல்ஃபுகளும் அரசர்களும் உயர்நடை பேசுகின்றனர். மார்வெல் நிறுவனத்தின் தோர், ஸ்பைடர்மேன் ஆகிய இருவரும் 1962 ஆகஸ்டு மாதத் தேதியிட்ட இதழ்களில்தாம் முதலில் தோன்றினர். ஆயினும் முன்னவர் விரைவிலேயே சேக்சுபியர் நாடக மாந்தரைப் போலப் பேசத் தொடங்கினார். பின்னவர் நியூயார்க்குப் பள்ளி மாணவனாகவே பேசினார். உர்சுலா லெ குவின் 1973-இல் வெளியான ஒரு கட்டுரையில், பெயர்களை மட்டும் மாற்றினால் இக்கால அரசியல்வாதிகளின் பேச்சாகிவிடும் உரையாடல் மிகுபுனைவுக்கு உதவாது என்று வாதிட்டார். அதே கட்டுரையில் போலிப் பழமை நடையையும் அவர் விட்டுவைக்கவில்லை.

தமிழில் நிலைமை வேறு. தமிழ் இரட்டை வழக்கு மொழியாகும். எழுத்து வழக்கு வழக்கொழிந்ததன்று. செய்தி வாசிப்பிலும் பாடநூலிலும் மேடையிலும் அது உயிரோடு இருக்கிறது. ஆனால் வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. வீட்டில் பேசும் தமிழுக்கோ எல்லா ஊருக்கும் பொதுவான வடிவம் இல்லை. எனவே ஒரு தேவனையோ மீநாயகனையோ எளிய தமிழில் பேசவைக்க முற்படும் எழுத்தாளர், அவன் எந்த ஊர்த் தமிழைப் பேசுவான் என்பதையும் கூடவே முடிவு செய்யவேண்டியுள்ளது. ஊரை முடிவு செய்தால் பல வேளைகளில் சாதியும் வகுப்பும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, பகைவனை எச்சரிக்கும் ஓர் அரசனின் கூற்றைப் பின்வருமாறு அமைக்கலாம்:

"எம் எல்லையில் நின் அடி படுமாயின், மீளும் வழியை நின் உயிர் அறியாது."
"என் எல்லைக்குள் நுழைந்தால் நீ உயிரோடு திரும்ப மாட்டாய்."
"எனக்க எல்லைக்குள்ள காலு வச்சியானா உசுரோட திரும்ப மாட்ட, கேட்டியா?"

முதலாவது உயர்நடை. இரண்டாவது எளிய எழுத்துத்தமிழ். மூன்றாவது குமரி மாவட்டப் பேச்சு. முதல் இரண்டையும் கேட்டு அரசனின் ஊரைச் சொல்ல இயலாது. மூன்றாவதைக் கேட்டதும் தமிழ்நாட்டில் எவரும் அவனை நாகர்கோவிலுக்குத் தெற்கிலோ மேற்கிலோ வைத்துவிடுவர். மிரட்டலின் வலு அதனால் குறைவதில்லை; மூன்றில் அதிகம் அச்சம் தருவது கடைசியே எனலாம். ஆனால் அந்த அரசன் இனி எங்கோ ஒரு கற்பனை நாட்டின் அரசனாக இருக்க முடியாது.

பொருள் மயக்கமும் உண்டு. மாவட்டத்தின் மேற்கே, மலையாள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பகுதிப் பேச்சில் வெள்ளம் என்றால் குடிக்கும் நீர். தாகத்தால் வீழும் வீரன் வெள்ளம் கேட்டால், மதுரை வாசகர் அவன் ஊழிப் பெருக்கை அழைப்பதாகக் கருதக்கூடும்.

மனோன்மணீயம்

நாஞ்சில் நாட்டைக் கதைக்குள் கொண்ட உயர்நடைப் புனைவுகளில் முதன்மையானது பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) இயற்றிய மனோன்மணீயம் (1891) ஆகும். இவர் திருவனந்தபுரத்தில் மெய்யியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். ஆங்கில எழுத்தாளர் லிட்டன் பிரபுவின் மறைவழி என்னும் கதையைத் தழுவி அமைந்த இந்நாடகத்தில், பாண்டியன் சீவகனுக்கும் சேரன் புருடோத்தமனுக்கும் போர் மூளக் காரணமாவது நாஞ்சில் நாட்டின் மீதான உரிமை வழக்கு. ஒருவரை ஒருவர் பாராமலே கனவில் கண்டு காதலிக்கும் தலைவனும் தலைவியும், முனிவர் அறிந்த சுரங்கவழியும் இதில் உண்டு. இந்நாடகம் செய்யுளால் ஆனது. நாஞ்சில் நாட்டுக்காக இரு அரசர் போரிடும் இக்கதையில் நாஞ்சில் நாட்டுப் பேச்சு இடம்பெறவில்லை. நடிப்பதற்கன்றிப் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட நாடகம் என்பதையும் கருத்தில் கொள்ளவேண்டும்.

தோற்பாவைக்கூத்து

மேடையில் இரு நடைகளும் சேர்ந்து ஒலிப்பதைக் குமரி மாவட்டத் தோற்பாவைக்கூத்தில் காணலாம். ஆட்டுத்தோலில் வரைந்து வண்ணமிட்ட பாவைகளை விளக்கொளியில் வெண்திரைக்குப் பின் ஆட்டுவிக்கும் இக்கலையை நிகழ்த்துவோர் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் எனப்படும் கணிகர் ஆவர். இராமாயணமே முதன்மைக் கதை. எல்லாப் பாவைகளுக்கும் ஒருவரே குரல் கொடுக்கிறார். இராமனும் இராவணனும் பழைய நாடக வசனத்தின் சாயலில் செந்தமிழ் பேசுவர். நகைச்சுவைப் பாவைகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் கொச்சைத் தமிழில் குறுக்கே வந்து, கதையையும் ஊர் நடப்பையும் கலந்து கிண்டல் செய்வர். இரு தமிழுமே நிகழ்த்துவோருக்கு வீட்டுமொழி அல்ல என்பது கவனிக்கத்தக்கது. அவர்களைப் பொறுத்தவரை செந்தமிழும் கொச்சையும் ஒரே அளவில் கற்றுக்கொண்ட வேடங்கள்.

ஒப்பீட்டுக்கு, பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களில் நிகழும் தோல்பாவைக்கூத்தில் கம்பராமாயணப் பாடல்களே பாடப்பட்டு விளக்கம் சொல்லப்படுகின்றன. புலமை அங்கே முதன்மை பெறுகிறது. குமரியில் கூட்டத்தை இருத்திவைப்பது கோமாளி.

இப்பங்கீடு இந்திய நாடக மரபில் மிகப் பழையது. வடமொழி நாடகங்களில் அரசனும் அமைச்சரும் சமசுகிருதம் பேச, பெண்களும் பணியாளரும் பிராகிருதம் பேசினர். கேரளத்துக் கூடியாட்டத்தில் விதூடகன் மலையாளத்தில் விளக்கம் சொல்கிறான். காளிதாசரின் சாகுந்தலத்தில் மோதிரத்தைக் கண்டெடுக்கும் மீனவன் பேசுவதும் பிராகிருதமே. அக்கதை 1940-இல் தமிழில் சகுந்தலை என்ற திரைப்படமானபோது, மீனவர் வேடத்தில் நகைச்சுவை செய்தவர்கள் என். எஸ். கிருஷ்ணனும் டி. எஸ். துரைராஜும் ஆவர். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவரான கிருஷ்ணன் (1908–1957), வில்லுப்பாட்டைக் கோயில் வளாகத்துக்கு வெளியே பொதுமேடைக் கலையாக வளர்த்தவரும் ஆவார்.

இந்தப் பங்கீட்டில் ஒரு விலை உண்டு. உயர்ந்தோர் உயர்நடையும் எளியோர் எளியநடையும் பேசும் கதையில், பார்வையாளர் பெரும்பாலோர் தம் சொந்தப் பேச்சைக் கோமாளியின் வாயிலிருந்தே கேட்கின்றனர். கோமாளிக்கு அரசனை எள்ளும் உரிமை கிடைக்கிறது. துயரப்படும் உரிமை கிடைப்பதில்லை.

வில்லுப்பாட்டில் தெய்வத்தின் பேச்சு

இதற்கு நேர் எதிரான விடை வில்லுப்பாட்டில் உள்ளது. நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலி வட்டாரத்திலும் சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கி முதலிய தெய்வங்களின் கொடைவிழாவில் வில், குடம், உடுக்கை, தாளம் ஆகியவற்றோடு நிகழும் இக்கலையில், கதையின் ஒரு பகுதி பாட்டாகவும் மறுபகுதி வசனமாகவும் செல்லும். வசனத்தில் ஊர்ப்பேச்சு தாராளமாக வரும். மாடன் மிரட்டுவதும் அதே பேச்சில், தாய் பிள்ளையைத் தாலாட்டுவதும் அதே பேச்சில். பின்பாட்டுக்காரர் ஆமாம் போடுகிறார். கதை உச்சத்தை எட்டும்போது கோமரத்தாடிகள் அருள் வந்து ஆடுகின்றனர். நாகர்கோவில் வட்டாரத்தில் கள ஆய்வு செய்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட நூலில், வன்சாவு அடைந்து தெய்வமானோரின் கதைகளே இவ்விழாக்களில் மிகத் தீவிரமான பகுதியாக அமைவதை விரிவாக விளக்கியுள்ளார். கேட்போர் சிரிக்கவில்லை; நடுங்குகின்றனர். எளிய நடை மேன்மையைக் குலைக்கும் என்னும் பொதுக்கருத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

நீலி கதை இதில் தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலோடு தொடர்புபடுத்தப்படும் இக்கதையில், முற்பிறப்பில் கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, மறுபிறப்பில் வணிகனாக வரும் அவனைத் தொடர்கிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபை முன் நின்று, தன்னைக் கைவிட்டு ஓடும் கணவன் இவன் என்று முறையிடுகிறாள். வணிகன் அவளைப் பேய் என்கிறான். அது உண்மை. ஆனால் ஊரார் காதில் விழுவது ஒரு குடும்பப் பெண்ணின் பேச்சு. பாலுக்கு அழும் பிள்ளையைப் பற்றிய கவலை, வழிநடைக் களைப்பு, கணவன் மீதான மனத்தாங்கல். அவர்கள் அவளை நம்பி, வணிகன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுக்கின்றனர். விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான். வாக்குக் கொடுத்த எழுபது வேளாளரும் தீப்பாய்கின்றனர். இக்கதையில் பேயின் ஆயுதம் மந்திரம் அன்று, அன்றாடப் பேச்சே. நீலி செந்தமிழில் முறையிட்டிருந்தால் ஊரார் ஐயுற்றிருப்பர், கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

சாமித்தோப்பை மையமாகக் கொண்ட அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானையும் இவ்விடத்தில் கருதத்தக்கது. சமய நூலை மிகுபுனைவு என்று வகைப்படுத்துவது பொருந்தாது. நடை பற்றிய ஒப்பீடே இங்கு நோக்கம். 1841-இல் எழுதப்பட்டதாக மரபு கூறும் இந்நூல் 1939-இல் அச்சேறியது. யுகங்களின் தோற்றத்தையும் குறோணி என்னும் அரக்கனின் அழிவையும் பாடும் இதன் மொழி, படிப்பறிவு மறுக்கப்பட்ட மக்களும் கேட்டவுடன் புரிந்துகொள்ளும் நாட்டுப்புற அம்மானை மொழியாகும். அண்டம் முழுவதையும் தழுவிய ஒரு கதையைச் சொல்வதற்குப் புலவர்மொழி இன்றியமையாதது அன்று என்பதை இம்மாவட்டம் நவீன நாவலுக்கு முன்பே அறிந்திருந்தது.

நவீன நாவல்: ஜெயமோகன்

1962-இல் பிறந்தவரும் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவருமான ஜெயமோகனின் எழுத்தில் இரு நடைகளும் ஒரே கையிலிருந்து வருகின்றன. பிச்சைக்காரர் உலகை விவரிக்கும் ஏழாம் உலகம் (2003) நாவலின் உரையாடல் மலையாளம் கலந்த அடர்த்தியான குமரித் தமிழில் உள்ளது. வெளியூர் வாசகர் பலருக்கு முதல் சில பக்கங்கள் கடினமாக இருக்கும். ஆனால் கற்பனைக் கோயில் நகரத்தைப் பற்றிய விஷ்ணுபுரம் (1997) நாவலிலோ, கண்ணகி கதையை மறுஆக்கம் செய்யும் கொற்றவை (2005) நாவலிலோ இந்தப் பேச்சு இல்லை. கொற்றவை தனித்தமிழில் எழுதப்பட்டது.

2014 சனவரியில் தொடங்கி 2020-இல் நிறைவுற்ற வெண்முரசு, முதற்கனல் முதல் முதலாவிண் வரை 26 நாவல்களைக் கொண்டது. வழக்கிலுள்ள வடசொற்கள் பலவற்றைத் தவிர்த்து, பழந்தமிழ்ச் சொற்களையும் புதிய கூட்டுச்சொற்களையும் கொண்டு இதன் நடை அமைக்கப்பட்டுள்ளது. குதிரை புரவியாகவும் தோழி சேடியாகவும் வருகின்றனர். உறவுச்சொற்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தம்பியர் தருமனை அண்ணா என்று அழைப்பதில்லை, மூத்தவரே என்று அழைக்கின்றனர். அண்ணா என்ற சொல் வந்தவுடன் வாசகர் மனத்தில் ஒரு வீடும், ஒரு தெருவும், சிலருக்கு ஒரு கட்சியும் தோன்றிவிடும். மூத்தவர் என்னும் விளி எந்த வீட்டிலும் வழங்குவதில்லை. ஆகவே அது அத்தினபுரிக்கு மட்டும் உரியதாகிறது.

இந்நாவல் வரிசையின் மற்றொரு முடிவு பரவலாகக் கவனிக்கப்படவில்லை. இதில் சூதரும் காவலரும் அடுமனையாளரும் பேசுவதும் எழுத்துத்தமிழே. அவர்கள் கேலி பேசுகின்றனர், அரசரை எள்ளுகின்றனர், ஆனால் கொச்சையில் அல்ல. தோற்பாவைக்கூத்தின் பங்கீடு இங்கு நீக்கப்பட்டுள்ளது. சமையற்காரனின் துயரமும் அரசனின் துயரமும் ஒரே மொழியில் சொல்லப்படுகின்றன. இதற்கும் விலை உண்டு. பேசுவோரைக் குரலால் மட்டும் பிரித்தறிவது கடினமாகிறது. மாந்தர் அனைவரும் ஒரே பள்ளியில் படித்தவர் போல ஒலிக்கும் பக்கங்களும் உள்ளன.

சிறுவர்மணியில் தொடராக வெளிவந்த இவருடைய பனிமனிதன், மூன்றாவது வழியைக் காட்டுகிறது. இமயமலையில் பனிமனிதனைத் தேடிச் செல்லும் இச்சிறுவர் நாவல் சிறிய வாக்கியங்களும் எளிய எழுத்துத்தமிழும் கொண்டது. அணியும் இல்லை, வட்டார வழக்கும் இல்லை. கல்கியின் நாவலைத் தழுவிய பொன்னியின் செல்வன் திரைப்படங்களுக்கு (2022, 2023) உரையாடல் எழுதியபோதும் ஜெயமோகன் ஏறத்தாழ இவ்வழியையே பின்பற்றினார். மனோகரா (1954), வீரபாண்டிய கட்டபொம்மன் (1959) போன்ற படங்களின் முழக்க வசனத்தோடு ஒப்பிட்டால், இப்படங்களில் அரசர்கள் குறைவாகவும் தாழ்ந்த குரலிலும் பேசுகின்றனர்.

நாஞ்சில் நாடனின் கும்பமுனி

மிகுபுனைவு அல்லாவிடினும், நாஞ்சில் நாடனின் கும்பமுனிக் கதைகள் இரு நடைகளின் மோதலையே நகைச்சுவையாக்குகின்றன. வீரநாராயணமங்கலத்தில் பிறந்தவரும் 2010-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றவருமான இவர், குடத்தில் பிறந்த அகத்தியரின் பெயரை ஒரு முதிய எழுத்தாளருக்குச் சூட்டியுள்ளார். கும்பமுனியும் அவருடைய தவசிப்பிள்ளையும், அதாவது சமையற்காரரும், பேசிக்கொள்வது நாஞ்சில் தமிழில். பழந்தமிழ்ச் சொல்லும் ஊர் வசையும் ஒரே மூச்சில் வந்துவிழும். தமிழுக்கு இலக்கணம் வகுத்ததாகச் சொல்லப்படும் முனிவரின் பெயரைத் தாங்கியவர் ஊர்ப்பேச்சு பேசுவதில்தான் இக்கதைகளின் எள்ளல் தங்கியுள்ளது.

மீநாயகர்

மீநாயகர் தமிழ் பேசத் தொடங்கியது மொழிபெயர்ப்பு வழியாக. குமரிக்கு வடக்கே சிவகாசியில் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்சு, பிரித்தானியச் சித்திரக்கதை நாயகனை இரும்புக்கை மாயாவி என்னும் பெயரில் அறிமுகப்படுத்தியது. 1984-இல் லயன் காமிக்சு தொடங்கியது. இவற்றின் தமிழ், பேச்சுச்சாயல் சற்றே கலந்த எழுத்துத்தமிழாகும். சித்திரக்கதையின் பேச்சுக்குமிழில் இடம் குறைவு என்பதால் அடுக்குமொழிக்கு வாய்ப்பில்லை. வட்டார வழக்கைத் தேர்ந்தால் நாட்டின் மறுகோடியில் உள்ள சிறுவர்கள் விலகிவிடுவர். ஆகவே இந்த நடுவழித் தமிழ் வணிகத் தேவையாலும் அமைந்தது.

குரல் சேர்க்கும்போது நடுவழி கைகொடுப்பதில்லை. எழுத்துத்தமிழைப் படிக்கும் கண் அதை ஏற்கும். இக்கால உடையில் நிற்கும் மனிதர் அதைப் பேசினால் காது ஏற்பதில்லை. 2019-இல் வெளியான அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் படத்தின் தமிழ் வடிவத்துக்கு ஏ. ஆர். முருகதாஸ் உரையாடல் எழுதினார். அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். நன்கறிந்த தமிழ் நடிகர் ஒருவரின் குரல் அப்பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை என்று இரசிகர் பலர் குறைகூறினர். முகமும் கதைக்களமும் அமெரிக்காவாக இருக்க, குரல் மட்டும் ஓர் ஊரைக் காட்டிக்கொடுத்தது.

2023 சூலையில் வெளிவந்த மாவீரன் திரைப்படம் இம்முரண்பாட்டையே கதையாக்கிக்கொண்டது. மடோன் அசுவின் இயக்கிய இப்படத்தில், அச்சமிகுந்த சித்திரக்கதை ஓவியன் ஒருவனுக்கு வானிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அக்குரல் அவனை மாவீரனாக விவரித்து, இனி அவன் செய்யப்போவதைச் செந்தமிழில் அறிவிக்கிறது. அவனோ சென்னைப் பேச்சில் அஞ்சி, மன்றாடி, மறுக்கிறான். அந்தக் குரலைத் தந்தவரும் விஜய் சேதுபதியே. அயர்ன்மேனிடம் பொருந்தாது என்று சொல்லப்பட்ட அதே குரல், உடலும் ஊரும் இல்லாத வானக்குரலாகச் செந்தமிழ் பேசியபோது அத்தகைய குறை எழவில்லை.